மூன்று நாள் மாத்திரையை ஏழு மாதம் சாப்பிட்டேன்

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். அதனால் அன்றைய கோவைப் பயணமே வீணாகிவிட்டது. எண்டோஸ்கோப்பிக்கு (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனை) வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று தேதி கொடுத்த கவுண்டரில் யாரும் சொல்லவில்லை. "இது தெரியாமலா வந்தீங்க? அடுத்த வாரம் வாங்க" என்றார் அங்கிருந்த பெண். நிற்கவே தெம்பில்லாமல் கோத்தகிரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவளிடம் இப்படிப் பேசியதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. தேதி வாங்கும்போதே கேளுங்கள்: எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா, பிரஷர் மாத்திரை போடலாமா.

ஆனால் இந்த நிலைக்கு வந்ததில் பெரிய தப்பு என்னுடையதுதான். மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் ஆறு மாதம் இருந்தேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அங்கே இபுபுரூஃபன் என்ற வலி மருந்தும் கோடீன் என்ற அபின் வகை வலி மருந்தும் சேர்ந்த மாத்திரை மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. ஒரு தடவைக்கு 32 மாத்திரைக்கு மேல் தர மாட்டார்கள். மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், பழக்கமாகிவிடும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நான் கடை மாற்றி மாற்றி வாங்கினேன். ஊருக்குத் திரும்பும்போது பதினைந்து பெட்டி கொண்டுவந்தேன். ஒரு நாளைக்கு 6 தான் உச்ச அளவு. நான் 12 வரை போனேன். போடாத நாளில் கை நடுங்கும், தலைவலி இரண்டு மடங்காகும். அதை நோய் என்றே நினைத்தேன்.

இங்கே வந்ததும் படியேறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து கிளினிக்கில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரையால் அப்படித்தான் போகும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் வயிற்றுக்குள் புண் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும். எனக்கு இரும்பு மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கறுத்திருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இதில் ஒரு மாதம் போயிற்று.

இரண்டாவது தடவை கோவை போவதற்குள் கால் இரண்டும் துவண்டு, கழிவறையிலேயே விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஜீப்பில் ஏற்றிக் கீழே கூட்டிப்போனார். ஹீமோகுளோபின் 6.4, ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு 2.1. பொட்டாசியம் 3.5க்குக் குறையவே கூடாதாம். ஈசிஜி எடுத்த நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட ஓடினார். அட்மிஷன், ரத்தம் ஏற்றியது, எண்டோஸ்கோப்பி எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. இரைப்பையில் இரண்டு புண்.

பொட்டாசியம் ஏன் இறங்கியது என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டார்கள். கணவர் பக்கத்தில் இருந்ததால் பிரஷர் மாத்திரை மட்டும் என்றேன். இரவு ஒரு சின்ன வயது டாக்டரம்மா தனியாக வந்து, "கடையில் நீங்களாக வாங்குவது ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டார். கைப்பையிலிருந்து காலியான மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் திட்டவில்லை. எண்ணிக்கையை மட்டும் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கோடீன் உடம்புக்குள் மார்ஃபினாக மாறுகிறது, அதனால்தான் விட முடியவில்லை, ஆனால் புண்ணாக்கியதும் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றியதும் கூடவே போன இபுபுரூஃபன் என்று விளக்கினார். பாரசிட்டமால் சேர்ந்த வகையாக இருந்திருந்தால் கல்லீரல் போயிருக்குமாம்.

நிறுத்தியபின் வந்த ஐந்து நாள் கொடுமை: ஓயாத கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லை. மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். நீங்களாகத் திடீரென்று வீட்டில் நிறுத்த வேண்டாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416க்கு அழையுங்கள், அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரியிலிருந்து கோடீன் சேர்ந்த மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். நம் ஊரிலும் கோடீனுக்குச் சீட்டு வேண்டும். ஆனால் உறவினர் பெட்டியில் வருவதை யார் கேட்பார்கள்?

தலைவலி ஆறு வாரத்தில் பாதியாகக் குறைந்தது. மாதத்தில் பத்து நாளுக்கு மேல் இப்படிப்பட்ட கலவை மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொடுக்குமாம். நேற்று ஊட்டியில் பார்த்த பொட்டாசியம் 4.1. அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன், கூடவே முதல் தடவையாக முழுக் கதையையும்.