வெயில் கிணற்றுக்குள் இறங்கும் நேரம்

2004ஆம் ஆண்டில் எங்கள் உயர்தர வகுப்பு எடுத்த குறும்படத்தைப் பற்றி எழுதித் தரும்படி எங்கள் கல்லூரியின் மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். படத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒன்பது நிமிடம் ஓடும். இடம்பெயர்ந்து போன மூதாட்டி ஒருவர் தன் வளவுக்குத் திரும்பி வந்து, பேரனைக் கொண்டு கிணற்றை இறைப்பிக்கிறார். அவ்வளவுதான் கதை. அதற்காக ஒரு தவணை முழுவதும் நாங்கள் கூடிக் கூடித் திட்டம் போட்டோமே, அதைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டும். கல்லூரி எனக்குத் தந்த கல்வியில் மிகச் சிறந்த பகுதி அது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அதுவரை யாழ்ப்பாணத்துக்கு வராத பொருள்கள் லொறிகளில் வந்து இறங்கின. கணினி நிலையங்கள் முளைத்தன. திருமணங்களைப் படம்பிடிப்பவர்களின் கைகளில் சிறு கசெற்றில் பதியும் மினி டிவி (MiniDV) கமரா வந்தது. எங்களுக்கோ மேடை நாடகம் மட்டும்தான் தெரியும். தமிழ்த்தின நாடகப் போட்டிக்குப் பழகியவர்கள் நாங்கள். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தியே வளர்ந்திருந்தோம். முதலில் எழுதிய கதைகளும் அப்படியே இருந்தன. எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தமிழ் சேர் அவற்றை வாசித்துவிட்டு, பேச்சு முழுவதையும் சிவப்பு மையால் வெட்டிவிட்டு மிச்சத்தில் கதை இருக்கிறதா என்று பாருங்கள் என்று திருப்பித் தந்தார். பேச்சில்லாமல் நின்றது கிணற்றுக் கதை மட்டும்தான்.

சேர் இன்னொரு நிபந்தனையும் போட்டார். இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்று எவருக்கும் பதவி எழுதக்கூடாது. செய்ய வேண்டிய வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரை எழுதுங்கள் என்றார். நாங்கள் ஏழு பேர். கணிதப் பிரிவில் நான்கு, கலைப் பிரிவில் மூன்று. முதல் வாரத்தில் இயக்குநராக ஆசைப்படாதவர் எங்களில் எவரும் இல்லை. பதவிகள் இல்லாமற் போனதும் சண்டையும் போயிற்று, சி.ஆர். கொப்பி எனும் தடித்த மட்டைக் கொப்பியின் பக்கங்கள் வேலைகளால் நிரம்பத் தொடங்கின. படப்பிடிப்பு வந்தபோது யார் சொல்லை எல்லாரும் கேட்கிறோம் என்பது தானாகவே தெளிவாகிவிட்டிருந்தது.

ஆண்கள் கல்லூரி என்பதால் மேடையில் பெண் வேடம் எப்போதும் எங்களில் ஒருவருக்குத்தான். கமராவுக்கு முன்னால் அது சரிவராது என்பதை எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டோம். நண்பன் ஒருவனின் அம்மம்மா நடிக்கச் சம்மதித்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்களோடு மக்களாகச் செம்மணி வெளியைக் கடந்து நடந்தவர் அவர். அவருடைய வீடு வலிகாமம் வடக்கின் ஓரத்தில், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குச் சற்று வெளியே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. கூரை ஓடும் கதவும் நிலையும் போய்விட்டன. சுவர்களும் கிணறும் எஞ்சியிருந்தன. கண்ணிவெடி இல்லையென்று உறுதியான வளவு என்பதால்தான் அதிபர் அனுமதித்தார். அந்நாட்களில் மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகைகள் பல ஒழுங்கைகளில் நின்றன. காவலரணைக் கடந்து கமராவோடு போகவேண்டும் என்பதால் அதிபரின் கடிதமும் கிராம அலுவலரின் கடிதமும் எங்கள் பட்டியலில் முதல் இரண்டு வரிகளாக இருந்தன.

அம்மம்மா வீட்டு விறாந்தையில்தான் எங்கள் கதை உண்மையாக எழுதப்பட்டது. எங்கள் முடிவில் அவர் கிணற்றை இறைப்பித்து, அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிப்பார். அம்மம்மா அதைக் கேட்டதும், இறைத்த அன்றைக்கே எவர் குடிப்பார் என்று கேட்டார். இத்தனை ஆண்டு கிடந்த கிணற்றை இறைத்து, சேறு வாரி, ஊறவிட்டு, மறுபடியும் இறைத்து, மருந்து போட்ட பிறகுதான் குடிக்க வாய்க்கும் என்றார். பிறகு, இறைத்து முடித்ததும் கிணற்றுக்காரர் எதைப் பார்ப்பார் தெரியுமா என்று அவரே சொன்னார்: ஊற்றுக்கண் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். தன் கிணற்றில் ஊற்று தெற்குப் பக்கத்துக் கல்வெடிப்பில் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த இடத்திலேயே எங்கள் கடைசிக் காட்சி மாறியது. அம்மம்மா குடிக்கப் போவதில்லை. கிணற்றுக் கட்டின் மேல் கையூன்றிக் குனிந்து, கல்லிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்க்கப் போகிறார்.

ஆனால் கசிவைப் படம்பிடிக்க வெளிச்சம் வேண்டும். இருபது அடி ஆழத்தின் அடியில் வெயில் எப்போது விழும்? கணிதப் பிரிவு நண்பன் ஒருவன் வளவில் தடி நட்டு நிழலை அளந்தான். நிழல் மிகக் குறுகியது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய பன்னிரண்டே முக்காலுக்கு. அரசு 1996இல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது; 2006 வரை நாங்கள் இந்திய நேரத்துக்கு அரை மணி முன்னால் வாழ்ந்தோம். அந்தப் பருவத்தில் நடுப்பகற் சூரியன் எங்கள் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஆகவே ஒளி கிணற்றின் தெற்கு அடியில் விழும் என்றும் அவன் வரைந்து காட்டினான். அம்மம்மா சொன்ன கல்வெடிப்பும் அதே பக்கம்! அந்தப் படத்தை அவன் வரைந்து முடித்தபோது விறாந்தையில் எழுந்த ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு திட்டம் முழுவதும் அந்தப் பன்னிரண்டே முக்காலிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டது. அதற்குள் கிணறு வற்ற வேண்டும். வற்றுவதற்கு முற்பகல் முழுவதும் இறைக்க வேண்டும். மெசின் ஓடத் தொடங்கினால் அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பதியாது. ஆகவே பேச்சுள்ள காட்சிகள் எல்லாம் அதற்கு முன்னரே முடிய வேண்டும். பாசி படர்ந்த பழைய தண்ணீரின் காட்சிகளும் அப்படியே. இறைத்த கிணற்றை மறுபடி பழைய கிணறாக்க எவராலும் முடியாது. ஒரே ஒரு தடவைதான். தெளிந்த தண்ணீர் ஊறி நிற்கும் காட்சியை மறுநாள் விடியலில் எடுக்க வேண்டும். கதையின் வரிசை ஒன்று, எடுக்கும் வரிசை வேறொன்று என்பதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கிணறு சொன்னது.

இறைக்கும் மெசின் பக்கத்துத் தோட்டக்காரருடையது. தண்ணீரை வீணாக்கக்கூடாது, தன் வாய்க்காலுக்கு விடவேண்டும் என்பது அவருடைய கட்டளை. அது நல்லதாகப் போயிற்று. பாழடைந்த வீட்டுத் தண்ணீர் செம்மண் வாய்க்காலில் ஓடி வெங்காயப் பாத்திக்குள் நுழையும் காட்சியைக் கொப்பியில் சேர்த்தோம். படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் பேசியது அந்தக் காட்சியைத்தான்.

பேரன் கிணற்றுக்குள் இறங்குவதாக எழுதியிருந்ததை இரசாயன சேர் கண்டித்து நிறுத்தினார். நெடுங்காலம் பாவிக்காத கிணற்றின் அடியில் மூச்சுக்காற்று இல்லாமல் இருக்கலாம், மண்ணெண்ணெய் மெசினின் புகையும் உள்ளே இறங்கினால் உயிரே போகும் என்று விளக்கினார். மெசின் கிணற்றுக்கு வெளியே, காற்று கிணற்றைத் தாண்டிப் போகும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். முதலில் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். இறங்குபவர் கிணறு இறைத்துப் பழகியவராக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னவற்றை அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகு காட்சியை இரண்டாகப் பிரித்தோம். பேரன் கிணற்றுக் கட்டின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போடுவான். அடுத்து, மேலிருந்து பார்க்கும்போது, அதே சட்டை போட்ட ஒரு முதுகு அடியில் சேறு வாரிக்கொண்டிருக்கும். ஒரே துணியில் இரண்டு சட்டைகள் தைப்பித்தோம். பார்த்தவர் எவருக்கும் ஐயம் வரவில்லை.

கமரா கிடைத்தது ஆடி மாதத்தில். ஆடியில் திருமணங்கள் இல்லாததால் கமராக்கார அண்ணை ஒரு சனி, ஞாயிறுக்குக் குறைந்த வாடகையில் வரச் சம்மதித்தார். ஆனால் ஆடியென்றால் சோளகம் எனும் தென்மேற்குக் காற்று. மைக்குக்குப் பஞ்சுறை போட்டாலும் இரைச்சல் போகாது. எனவே அம்மம்மாவும் பேரனும் பேசும் இடத்தை முற்றத்திலிருந்து வீட்டுச் சுவரின் மறைவுக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு, கூரையில்லாத சுவரோரமாக அவர்கள் பேசுவதே அதிகப் பொருத்தம் என்று பட்டது.

கமரா வரும்வரை காகித மட்டையில் நீள்சதுரம் வெட்டி, அதன் வழியே பார்த்துத்தான் பழகினோம். மட்டையைப் பிடித்தபடி கிணற்றைச் சுற்றி வந்தபோது ஒன்று புரிந்தது. அம்மம்மா இந்தப் பக்கம், பேரன் அந்தப் பக்கம் நிற்கும்போது, கமரா கிணற்றின் மறுகரைக்குப் போனால் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பேசுபவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். வட்டக் கிணறு எங்களைச் சுற்றிவரத் தூண்டிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து, கமரா அதைக் கடக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு காட்சியும் பென்சிலால் சிறு கட்டத்தில் வரையப்பட்டது. கலைப் பிரிவு நண்பன் ஒருவன், வாளி எந்தக் கையில், சேலைக் கரை எவ்வளவு நனைந்தது, பேரனின் காலில் சேறு எதுவரை என்பதையெல்லாம் தனிக் கொப்பியில் குறித்தான். எங்களில் மிகக் கடினமான வேலை அவனுடையதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

படப்பிடிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது திட்டப்படியே நடந்தது. மேகம் வந்தால் ஒளியைத் திருப்பிவிட அலுமாரிக் கண்ணாடியொன்றையும் கொண்டுபோயிருந்தோம், தேவைப்படவில்லை. வெயில் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. கல்வெடிப்பில் ஈரம் மினுங்கி, துளியாகி, கோடாக வழிந்தது. கிணற்றுக் கட்டின் மேல் குனிந்து நின்ற அம்மம்மா, நாங்கள் எழுதிக்கொடுக்காத ஒரு வார்த்தையைச் சொன்னார். தன் தாயின் பெயர். அதைப் படத்தில் அப்படியே வைத்தோம்.

ஒரு மணிநேரக் கசெற்றைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணிநேரமும் பதின்மூன்று கிகாபைட்டும் வேண்டும். கணினி நிலையத்தின் வன்தட்டு நாற்பதுதான், அதிலும் பாதி பிறருடையது. எந்தக் காட்சியின் எந்தப் பதிவு வேண்டும் என்பது குறிப்புக் கொப்பியிலேயே இருந்ததால் தேவையானதை மட்டும் ஏற்றினோம். பிரதான மண்டபத்தில் காட்டினோம். அம்மம்மா முன்வரிசையில் அதிபருக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தார்.

இந்த ஆண்டு கல்லூரியின் ஊடகக் கழக மாணவர்கள் கமரா கேட்டு எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளைக்கு எழுதியிருக்கிறார்கள். தாராளமாகக் கொடுப்போம்; என் பங்கை அனுப்பிவிட்டேன். அதோடு எங்கள் கொப்பிகளையும் படியெடுத்து அனுப்ப விரும்புகிறேன். காட்சிகள் வரைந்த சி.ஆர். கொப்பி என்னிடம் இருக்கிறது. சேலைக் கரையும் சேறும் குறித்த அந்த இரண்டாம் கொப்பி 2006இல் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டு நாங்கள் திசைக்கொருவராகப் பிரிந்தபோது யாரிடம் போனதென்று தெரியவில்லை. எங்கள் வகுப்பு நண்பர்களில் எவரிடமாவது இருந்தால் மலர்க்குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.