கரி அடுப்பும் கரடி கிரில்லும்

போன டிசம்பர்ல ஒரு நாள் காலைல அத்தை எழுந்து வரவே இல்ல. விடியுறதுக்கு முன்னாடியே பாய்லர் பத்த வைக்கிற மனுஷி, ஏழு மணியாச்சு, கதவ தட்டுனா உள்ள இருந்து முனகல் சத்தம் மட்டும் வருது. தொறந்து பாத்தா கட்டில் பக்கத்துல கரி போட்ட குமுட்டி அடுப்பு, ஜன்னல் இடுக்குல எல்லாம் பழைய துணி. நானும் வீட்டுக்காரரும் தூக்கிட்டு வந்து திண்ணைல உக்கார வச்சோம், வாந்தி, தலைவலி, அப்புறம் ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வச்சு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்தாங்க. இப்ப நல்லா இருக்காங்க.

வந்ததும் அவங்க கேட்டது இதுதான், "புகையே இல்லையே கண்ணு, நல்லா கனிஞ்சப்புறம் தானே உள்ள கொண்டு போனேன்?" கோத்தகிரி பக்கம் எல்லார் வீட்லயும் இதே நம்பிக்கைதான், புகை போயிட்டா கரி சாதுன்னு. ஆனா மூடுன ரூம்ல கனியுற கரில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல, அது ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ரத்தத்துல போய் ஒட்டிக்கும், தூங்குற ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது.

எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம், அன்னிக்கு எங்க ஹால்ல ஸ்மோக் அலாரம் இருந்துச்சு. வேலையும் செஞ்சுது. அது புகைக்குத்தான் கத்தும், இதுக்கு கத்தாது. ஒண்ணு வாங்கி மாட்டிட்டா வீடு பத்திரம்னு நெனச்சிட்டு இருந்தேன், அது தப்பு.

அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் சேத்து யோசிச்சோம். ரெண்டு பெட்ரூம்லயும் கார்பன் மோனாக்சைடு அலாரம், நாங்க வாங்குனது ஐரோப்பிய ஸ்டாண்டர்டு, காத்துல 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) இருந்தா 10ல இருந்து 40 நிமிஷத்துக்குள்ள அடிக்கும், 300 ஆச்சுனா 3 நிமிஷத்துக்குள்ள. ஹால்ல ஸ்மோக். சமையல்கட்டுல ஸ்மோக் வேண்டாம்னு சூட்டுக்கு அடிக்கிற அலாரம் போட்டோம், ஏன்னா ஸ்மோக் அலாரம் தாளிச்சாலும் கத்தும், மேகம் எறங்குற அன்னிக்கு ஜன்னல் தொறந்திருந்தா அதுக்கும் கத்தும், ரெண்டு தடவ சும்மா கத்துனா மூணாவது தடவ யாராவது பேட்டரிய கழட்டிடுவாங்க. இது எல்லாமே வயர்லெஸ்ல ஒண்ணோட ஒண்ணு சேந்தது, ஒண்ணு அடிச்சா எல்லாம் அடிக்கும். எங்க வீடு சரிவுல ரெண்டு தட்டா இருக்கு, அத்தை ரூம் கீழ, ஐப்பசி மழை தகரத்துல கொட்டுறப்ப மேல கத்துனா கீழ கேக்கவே கேக்காது. இந்த இணைப்பு இல்லாம எத்தன மாட்டினாலும் எங்களுக்கு பிரயோஜனம் இல்ல.

கேஸ் டிடெக்டர் தனி, லீக் தெரிஞ்சா அதுவே வால்வ மூடிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் அத சீலிங் கிட்ட மாட்டப் போனார், நான் விடல. சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், தரையோட தரையா தேங்கும், அதனால தரைல இருந்து ஒரு அடி உயரத்துலதான் இருக்கணும்.

கோயம்புத்தூர்ல தம்பி இருக்கிற அடுக்குமாடில இதெல்லாம் பெரிய அளவுல இருக்கு. ஃபயர் பேனல், பம்ப், மாடிக்கு மாடி ஹோஸ், சீலிங்ல ஸ்பிரிங்க்ளர். ஒரு இடத்துல தீ பிடிச்சா எல்லா ஸ்பிரிங்க்ளரும் பொழியும்னு நெனைப்போம்ல, அப்படி இல்ல, சிவப்பு திரவம் இருக்கிற அந்த கண்ணாடிக் குமிழ் 68 டிகிரில உடையும், சூடு பட்டது மட்டும்தான் தொறக்கும். 2016 தேசிய கட்டட விதில 15 மீட்டரும் அதுக்கு மேலயும் உயரமானாதான் உயர் கட்டடம். மலைல அவ்வளவு உயரம் யாரு கட்டுறா, அதனால நம்மள யாரும் கேக்குறதே இல்ல. ஆனா 101க்கு போன் பண்ணா வண்டி ரோடு வரைக்கும்தான் வரும், அங்கருந்து எங்க வீட்டுக்கு அறுபது படி எறங்கணும்.

அதனால தண்ணியும் நாமளே பாத்துக்கணும். எங்க டேங்க் வீட்டுக்கு மேல மேட்டுல, 15 மீட்டர் இருக்கும், 10 மீட்டருக்கு ஒரு பார் பிரஷர்னு கணக்கு, பம்ப் இல்லாமலே, கரண்ட் போனாலும் தண்ணி வரும். வாசல்ல எப்பவும் ஹோஸ் மாட்டியே இருக்கு. 2024 மார்ச்ல குன்னூர் காடு எரிஞ்சு ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்துனாங்களே, அதுல இருந்து தை மாசம் பொறந்தாலே கூரை மேல சேர்ற சீகை மரத்து சருக வாரம் ஒரு தடவ வழிச்சிடுறோம், ஒரு பொறி போதும். எண்ணெய் தீக்கும் கரண்ட் தீக்கும் அந்த ஹோஸ தொடவே கூடாது, பிள்ளைங்க கிட்ட திரும்பத் திரும்ப சொல்லி வச்சிருக்கேன், கரண்ட் தீக்கு சமையல்கட்டு வாசல்ல தீயணைக்கிற பவுடர் சிலிண்டர் இருக்கு, வாணலி பத்திக்கிட்டா அடுப்ப அணைச்சு மூடி போட்டு மூடணும்.

கடைசியா கிரில். எண்ணெய்க்கு கரடி வருதுன்னு ஜன்னலுக்கெல்லாம் கம்பி வெல்டிங் பண்ணி வச்சிருக்கோம், எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான். தீ கதவு பக்கம் பிடிச்சா எந்த வழியா வெளிய வர்றது? அத்தை ரூம் கிரில்ல கீல் வச்சு, உள்ள இருந்து தொறக்கிற மாதிரி கொக்கி போட சொல்லிருக்கேன், வெல்டிங்காரர் வியாழக்கிழமை வர்றதா சொல்லிருக்கார். குமுட்டி இப்ப திண்ணைல, மாவுப் பாத்திர மூடிக்கு வெயிட்டா இருக்கு.