பல்லும் பந்தும் எந்தப் பக்கம்?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு புவிச்சரிதவியல் படம் வாசிக்கப் பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு சிரமம் உண்டு. எங்கள் காலடியில் இருப்பது ஏறக்குறையக் கிடையாகப் படிந்த மயோசீன் சுண்ணக்கல். மலை இல்லை, பாறை வெட்டுமுகம் இல்லை. பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த பிளவை நேரில் பார்க்க வழியில்லாததால், படத்தில் அதைக் காட்டும் குறியீடுகளின் பட்டியலைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறோம். செய்முறை வினாத்தாளுக்கு அது போதாது.

முதலில் கோட்டின் வகையைப் பாருங்கள். பிளவுக்கோடு பாறை எல்லைக்கோட்டை விடத் தடிப்பாக இருக்கும். தொடர்கோடு என்றால் இடம் நிச்சயம், விட்டுவிட்டுப் போனால் அண்ணளவு. புள்ளிக்கோடு என்றால் இளைய படிவுகள் அதை மூடிக் கிடக்கின்றன.

அடுத்தது கோட்டில் ஒட்டியிருக்கும் அடையாளம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அமெரிக்க முறைப் படங்களில் சாதாரணப் பிளவுக்கு (சாய்ந்த பிளவுத்தளத்தின் மேலுள்ள பாறை கீழே இறங்கியது) தடியும் பந்தும், கீழிறங்கிய பக்கத்தில். உதைப்புப் பிளவுக்கு (அந்த மேலுள்ள பாறை மேலே தள்ளப்பட்டது) முக்கோணப் பற்கள், மேலே ஏறிய பக்கத்தில். ஒன்று இறங்கிய பக்கம், மற்றது ஏறிய பக்கம் என்பதால் பலர் குழம்புவார்கள். ஆனால் இரண்டு அடையாளங்களும் பிளவுத்தளம் சாயும் பக்கத்திலேயே இருக்கின்றன! ஆகவே குறுக்குவெட்டு வரையும்போது பிளவை அடையாளம் உள்ள பக்கமாகச் சாய்த்து வரையுங்கள். பந்து என்றால் அந்தப் பக்கத்துக்குக் கீழ்நோக்கிய அம்பு, பல் என்றால் மேல்நோக்கிய அம்பு. பக்கவாட்டில் நகர்ந்த பிளவுக்கு எதிரெதிரான இரண்டு அரை அம்புகள் போட்டிருக்கும்.

பிறகு பாறைகளின் வயதோடு ஒப்பிடுங்கள். படைகள் தலைகீழாகாத இடத்தில், அரிப்புக்குப் பின் ஏறிய பக்கத்தில் மூத்த பாறையும் இறங்கிய பக்கத்தில் இளைய பாறையும் வெளித்தெரியும். சமவுயரக்கோடுகளும் உதவும்: நிலைக்குத்தான பிளவு அவற்றை நேராக வெட்டிச் செல்லும், சாய்வு குறைந்த உதைப்புப் பிளவு அவற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும்.

இலங்கைப் படத்தில் வயதுச் சோதனையை நம்பி இறங்காதீர்கள். உயர்நிலத் தொகுதியும் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியும் இரண்டுமே கேம்பிரியன் காலத்துக்கு முந்திய, மிகப் பழைய உருமாறிய பாறைகள். உயர்நிலத் தொகுதி விஜயனின் மேல் உதைத்து ஏறியது என்பதே பொதுவான விளக்கம். அந்த எல்லையை உதைப்புப் பிளவாக வரையச் சொன்னால் பற்களை உயர்நிலப் பக்கம் போடுங்கள்.

பிரித்தானிய முறைப் படம் வந்தால் பந்துக்குப் பதில் இறங்கிய பக்கத்தில் சிறு கோடு மட்டுமே இருக்கும். அது சாய்வைச் சொல்லாது. எனவே பென்சிலை எடுக்க முன்னர் படத்தின் குறிவிளக்கத்தை வாசியுங்கள்.