முதல் 6 மணி நேரம்

டேட்டா கசிந்துவிட்டது என்று போன் வந்ததும் வக்கீல் முதலில் கேட்க வேண்டியது, யார் அதை முதலில் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைத்தான். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் போயாக வேண்டும். பெங்களூரு பெல்லந்தூரில் நைட் ஷிப்டில் இருக்கும் இன்ஜினியர் அலர்ட்டைப் பார்த்துவிட்டு, காலை மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தைக் கணக்கிடுவதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். கிளவுட் லாக், அதாவது சர்வரில் நடந்ததன் பதிவு, பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதில் 20:10 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 1:40. மெயில், வாட்ஸ்அப், லாக் மூன்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதாமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட விடக்கூடாது.

அடுத்த சிக்கல், நல்ல எண்ணத்தில் செய்யும் காரியம். "சார், சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டோம், இப்போ எல்லாம் ஓகே" என்பார்கள். மெமரியில் இருந்த தடயம் அதோடு போயிற்று. நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், பவரை அணைக்காதீர்கள். டிஸ்க்கை இமேஜ் (முழு நகல்) எடுத்த கையோடு, நகல் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தில் (புதிய சாட்சியச் சட்டம்) மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கப்படும் 63(4) சான்றிதழில் அந்த மதிப்பை எழுத வேண்டும். பொறுப்பாளர், நிபுணர் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே செர்ட்-இன் உத்தரவில் உண்டு. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில், யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்ட்ரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் காட்டும். தனியாக ட்ரெயில் போட்டு, அதன் சேமிப்பிடமான எஸ்3-யில் சேமிக்காத நிறுவனத்துக்கு, நான்கு மாதத்துக்கு முன் உள்ளே நுழைந்தவனின் தடம் கிடைக்காது. இதைக் கசிவுக்குப் பிறகு கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வெண்டர் ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய மாதிரியிலிருந்து நகலெடுத்த '72 மணி நேரத்துக்குள் தெரிவிப்போம்' என்ற ஷரத்து இன்னும் பலவற்றில் கிடக்கிறது. 2 மணி நேரம் என்று கேட்டு வாங்குவதே சரி. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கசிவைத் தெரிவிக்காவிட்டால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதைக் கட்டப்போவது வெண்டர் அல்ல, உங்கள் கட்சிக்காரர்.

முதல் அறிக்கை முழுமையாக இருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை எழுதி அனுப்புங்கள், மீதி பின்னால் போகட்டும். விசாரணை முடியும் முன் 'வாடிக்கையாளர் தரவு எதுவும் போகவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.