கருத்தை வெளியே வைத்துவிட்டு வா: சமூக மொழியியல் முதுகலை அனுபவம்

மொழியைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே கிடையாது. எந்தப் பேச்சு சுத்தம், எது கலப்படம், பிள்ளைகளிடம் வீட்டில் எதில் பேச வேண்டும் என்று எல்லோரிடமும் தீர்ப்பு தயாராக இருக்கிறது. சமூக மொழியியலும் பன்மொழிச் சூழலும் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்புகளை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுமந்து வருவார்கள். ஆனால் படிப்பு முடியும்வரை நம்மிடம் கேட்கப்படுவது வேறு. யார், எந்த மொழியில், யாரிடம், எப்போது பேசுகிறார்? மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய இதுதான்.

விண்ணப்பிக்கும்போது படிப்பின் பெயரை நம்ப வேண்டாம். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட படிப்பு ஓரிடத்தில் மொழியியல் துறையில் இருக்கும், இன்னோரிடத்தில் கல்வியியல் துறையில். முன்னதில் ஒலிப்பும் புள்ளியியலும் தூக்கலாக இருக்கும். பின்னதில் பயிற்றுமொழியும் பள்ளிக் கொள்கையும். பாடப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு, 180 கிரெடிட். ஐரோப்பாவின் பல நாடுகளில் இரண்டாண்டு, 120 கிரெடிட். கணக்கிடும் முறையே வேறு என்பதால் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. மனிதர்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்ய அவகாசம் வேண்டும் என்பதால் நான் இரண்டாண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலத் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வழக்கம்போலத்தான்.

நோக்க அறிக்கைதான் முக்கியம். ‘தாய்மொழி அழிகிறது, அதைக் காக்க விரும்புகிறேன்’ என்று எழுதினால் உணர்ச்சி தெரியும், ஆய்வு தெரியாது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் மூன்று தலைமுறையினர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது யார் பேச்சில் மொழி மாறுகிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்பதை என் கேள்வியாக வைத்தேன். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நேர்காணலில் பேசியது முழுக்க அதைப் பற்றித்தான்.

முதல் பருவம் வாசிப்பிலேயே கரைந்தது. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல், எழுத்துக்கு ஒரு வடிவம், பேச்சுக்கு ஒரு வடிவம் என்ற இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் ஆகியவற்றை முதன்மை எடுத்துக்காட்டுகளாக வைத்தார். மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பேசியே வளர்ந்த தமிழர்களுக்கு அந்தக் கட்டுரையில் விளக்கம் தேவைப்படாது. வில்லியம் லபோவின் நியூயார்க் ஆய்வு வேறு விதத்தில் பிடித்தது. 1962-இல் வெவ்வேறு தரத்து மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், நான்காம் தளத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கேட்டார். ‘நான்காம் தளம்’ என்று பதில் வரும். காதில் விழாதவர்போல மறுபடி கேட்டார். இம்முறை பதில் கொஞ்சம் கவனமாக வரும். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற அந்த ஆங்கிலச் சொற்களில் ‘ர்’ ஒலிக்கிறதா என்பதை மட்டும் ஓரமாகப் போய்க் குறித்துக்கொண்டார். உயர்தரக் கடையில் அந்த ஒலி அதிகம், மலிவுக் கடையில் குறைவு. ஆய்வுக்குப் பெரிய கருவி வேண்டாம், கூர்மையான கேள்வி போதும் என்று இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

மொழி ஆய்வாளர்கள் கும்பர்ஸும் வில்சனும் 1971-இல் வெளியிட்ட குப்வார் ஆய்வின்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மகாராஷ்டிர-கர்நாடக எல்லையில் உள்ள அந்த ஊரில் கன்னடமும் மராத்தியும் உருதுவும் நெடுங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்ததில் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. சொற்கள் மட்டும் தனித்து நின்றன. ஒற்றை மொழியில் வளர்ந்த மாணவர்களுக்கு இது அதிசயம். மற்றவர்கள் ‘வேறெப்படி இருக்கும்?’ என்பதுபோலப் பார்த்தோம். (பன்மொழிச் சூழலை எப்போதும் ஒரு பிரச்சினையாகவே பேசும் கட்டுரைகள் எங்கிருந்து வருகின்றன என்பது அன்று எனக்குப் புரிந்தது.)

எல்லாவற்றிலும் அதிகம் கற்றுக்கொடுத்தது ஆய்வு நெறிமுறைக் குழுவின் படிவம்தான். சலிப்பான வேலை என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி அடையாளம் காணக்கூடிய ஒருவரின் குரலும் தனிப்பட்ட தரவுதான். ஒலிக்கோப்பு எங்கே இருக்கும், யார் திறக்கலாம், எப்போது அழிக்கப்படும்? பதிவின் நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டால் என்ன செய்வது? குழந்தைக்காகப் பெற்றோர் சம்மதித்தால் போதுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதும்போது ஆய்வின் வடிவமே திருந்துகிறது. ஒப்புதல் படிவத்தை எந்த மொழியில் தருவது என்பதுகூட ஆய்வுப் பிரச்சினைதான். எழுத்துத் தமிழில் நான் தயாரித்ததைப் பார்த்து ஒரு பாட்டி, ‘இது கோர்ட்டுக் காகிதமா?’ என்று கேட்டார். பேச்சுத் தமிழில் விளக்கி, வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்ய அனுமதி கேட்டேன், குழு கொடுத்தது. ஃபெர்குசனுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

பதிவின்போது நான் அறையில் இருந்தால் பேச்சு மாறும். ஆய்வாளர் பார்க்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்ற முரணை லபோவே சொல்லியிருக்கிறார். கருவியைக் குடும்பத்தினரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்குவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. ஈலான் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொருவர் பேச்சும் தனி வரிசையில் ஓடும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் பிரித்துவிடலாம். ஒரு சொல் தமிழிலேயே கலந்துவிட்ட கடன்சொல்லா, பேச்சு அங்கே வேறு மொழிக்குத் தாவியதா என்று முடிவு செய்யும் விதியைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கடைசிக் கோப்பை வகைப்படுத்தும்போது முதல் கோப்பு பொய்யாகிவிடும்.

நேர்காணலில் ‘வீட்டில் தமிழ் மட்டும்தான்’ என்று உறுதியாகச் சொன்ன பெற்றோர், பதிவில் பிள்ளைகளை அதட்டும்போதெல்லாம் ஆங்கிலத்துக்குப் போயிருந்தார்கள். ‘பையனுக்குத் தமிழ் வராது’ என்று அம்மா வருத்தப்பட்ட அதே பையன், பாட்டியிடம் இனிப்பு கேட்கும்போது தமிழில் சரளமாகப் பேரம் பேசினான். சொன்னதும் நடந்ததும் விலகிய இத்தகைய இடங்களே என் ஆய்வேட்டின் மையம் ஆயின. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று நான் எழுதவில்லை. தங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதைச் சொன்னார்கள், அதுவும் தரவுதான்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியை விடாமல் துரத்தினார். தாத்தா பாட்டிகள் பேத்திகளுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் குரல் செய்திகளை ஏன் சேர்க்கவில்லை? நான் பெற்ற ஒப்புதல் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது என்றேன். அந்தப் பதில் போதும் என்று சொல்லிவிட்டு, முனைவர் பட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். புதிய நெறிமுறைப் படிவத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.