14 நாளும் ஒரு கவ்வாத்துக் கத்தியும்

இலங்கையில் மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை வாசிக்கும்போது விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நுவரெலியாவோ பதுளையோ கண்டியோ, பின் வாங்கில் இருக்கும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குச் சிங்களத்தில் போகும் தீர்ப்பு பிடிபடாது. லைட் அணைந்த பிறகுதான் விசயம் விளங்கும். அழுது முடித்து, பஸ் பிடித்து, மலையேறி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போய்ச் சேரும்போது இருட்டிவிடும். மேன்முறையீட்டுக்குச் சட்டம் தந்திருப்பது 14 நாள். அதில் ஒன்று அன்றைக்கே போய்விட்டது.

ஏழைக் கைதியின் வழக்கு வாதத்தில் தோற்பதைவிடத் தாளில் தோற்பதுதான் அதிகம் என்பது என் எண்ணம். ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் இப்படியான வழக்குகளை எடுக்கும் இளம் சட்டத்தரணிகளுக்கும், அவர்களுடைய கிளார்க்மாருக்கும், "கேஸ் விசயம்னா அவரக் கேளு" என்று தோட்டத்தில் சனம் தேடிப்போகும் ஆட்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 14 நாள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 331ஆம் பிரிவின்படி, மனுவைக் கொடுக்க வேண்டியது தண்டனை விதித்த அதே மேல் நீதிமன்றத்தின் பதிவாளரிடம். கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. உள்ளே இருப்பவர் சிறை அதிகாரிகளிடம் எழுத்திலோ வாய்ச்சொல்லிலோ இந்த நாட்களுக்குள் அறிவித்தாலும் செல்லும். இவ்வளவு இலகுவான விசயம் ஏன் தவறுகிறது? வழக்குப் பேசிய லோயர், தீர்ப்போடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். குடும்பம், லோயர் அப்பீல் போட்டிருப்பார் என்று நினைக்கிறது. கைதி, வீட்டு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கிறார். இதற்கிடையில் ஆளை வேறு சிறைக்கு மாற்றினால் யாரிடம் என்ன சொன்னார் என்பதற்கும் சாட்சி இல்லை. ஆகவே, தீர்ப்பு நாளையே முதல் நாளாக எண்ணுங்கள். ஞாயிறு, போயா கழியுமா என்ற கணக்கெல்லாம் வேண்டாம். பதிவாளர் அலுவலக முத்திரை விழுந்த பிரதி ஒன்று கைக்கு வரும்வரை அப்பீல் போட்டாயிற்று என்று யாருக்கும் சொல்லாதீர்கள். சிறை வழியாகப் போனால், அது எந்தத் திகதியில் பதிவானது என்பதைச் சிறை நலன்புரி உத்தியோகத்தரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காரணங்களை நீட்டி எழுத முடியவில்லை என்று நாளைக் கடத்துவது அடுத்த பிழை. தீர்ப்பு சாட்சியங்களுக்கு முரணானது, எதிரித் (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்புச் சாட்சியம் சரியாக ஆராயப்படவில்லை என்று இரண்டு மூன்று வரிகள் முதலில் போதும். வழக்கேட்டுப் பிரதி, லோயர்மார் ‘பிரீப்’ என்பது, தட்டச்சாகி வந்த பின் மற்றதை விரிக்கலாம். அது வரவே நீண்ட காலம் எடுக்கும். வந்ததும் பக்கம் பக்கமாக எண்ணிப் பாருங்கள். ஒரு தவணையின் குறுக்கு விசாரணை முழுவதுமே விடுபட்டிருக்கக்கூடும். அப்போது, விசாரணை நேரம் கிளார்க் எடுத்த கையெழுத்துக் குறிப்பைத் தவிர வேறு துணை இல்லை. அந்தக் கொப்பியை எறியவே கூடாது.

மேன்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டால், எல்லாவற்றுக்கும் மேலான உயர் நீதிமன்றத்தில் விசேட அனுமதி கேட்க 6 வாரம் இருக்கிறது. இதையும் அதே மாதிரி எண்ண வேண்டும்.

"எப்படியும் தூக்கில போடமாட்டாங்கதானே" என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1976 ஜூன் 23 என்பது உண்மை. 1876இல் கட்டிய, தூக்குமேடை இருந்த கண்டி போகம்பறைச் சிறையை 2014இல் மூடிவிட்டார்கள், கைதிகள் பல்லேகலைக்குப் போய்விட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்ட 4 பேரைத் தூக்கிலிடக் கையெழுத்துப் போட்டார்; உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துத்தான் அது நின்றது. தூக்கு இல்லாவிட்டாலும் விடுதலை இல்லை. அப்பீல் போடாதவர் வருசக்கணக்காக மரண தண்டனைக் கைதியாகவே இருப்பார். கருணை கிடைத்தாலும் பெரும்பாலும் முதலில் அது ஆயுள் தண்டனையாகத்தான் மாறும்.

கருணைக்கும் வழிமுறை இருக்கிறது. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி, வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை சட்டமா அதிபருக்குப் போய், அவர் ஆலோசனையோடு நீதி அமைச்சருக்குப் போய், அமைச்சரின் சிபாரிசோடு ஜனாதிபதிக்குப் போக வேண்டும். மரண தண்டனைக் கைதிகள் இருவருக்குக் கொடுத்த பொதுமன்னிப்புகளை உயர் நீதிமன்றம் 2024இல் ரத்துச் செய்தது. அரசியல்வாதியின் கடிதத்தலைப்பில் நாலு வரி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று காசு கேட்பவர்களிடம் குடும்பங்கள் ஏமாற வேண்டாம்.

இனி வழக்கின் தொடக்கத்துக்கு வருவோம். உண்மையில் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

பொலிசுக்குக் கொடுக்கும் முதல் வாக்குமூலம் அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின் கீழ் எழுதப்படும். சொல்வது தோட்டத்துத் தமிழ், எழுதுவது பெரும்பாலும் சிங்களம். இடையில் நிற்பவர் தமிழ் ஓரளவு தெரிந்த ஒரு கான்ஸ்டபிளாக இருக்கலாம், அன்றைக்கு ஸ்டேசனுக்கு வந்த யாரோவாகவும் இருக்கலாம். "தண்ணி போட்டிருந்தாரு" என்பதில் எந்தத் தண்ணி என்று தெரியாதவர் எழுதினால் போதை என்ற விசயமே ஏட்டில் இராது. "கை வச்சுட்டேன்" என்றால் அடித்தேன்; அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அர்த்தமே இல்லாத வரி வரும். எல்லாவற்றிலும் மோசமானது "பொறவு" என்ற சொல். "என் பொஞ்சாதியப் பத்தி அசிங்கமாப் பேசினான், பொறவு நான் கத்திய எடுத்தேன்" என்பதில் அந்தப் ‘பொறவு’ கண்மூடித் திறக்கும் நேரமா, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகா? ஏட்டில் ‘பஸ்ஸே’ (சிங்களத்தில் ‘பிறகு’) என்று விழும். கொலையா, கைமோசக் கொலையா (கொலைக் குற்றம் என்ற அளவுக்குப் போகாத, தண்டனை குறைந்த மனிதக்கொலை) என்பது அந்த இடைவெளியில் தொங்குகிறது. அரை மணி நேரம் கழிந்திருந்தால் ஆத்திரம் தணியக் காலம் இருந்தது என்று அரச தரப்புச் சொல்லும்.

வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா, காட்டியது யார், கையெழுத்தா பெருவிரல் அடையாளமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துவிடுங்கள். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஆஜராவதற்கு 2012ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரசு செலவில் மொழிபெயர்ப்பு உரிமை தருகிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க (ICCPR) சட்டத்தின் 4ஆம் பிரிவும் இலவச சட்ட உதவியோடு சேர்த்து அதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் எதிரி கேட்க மாட்டார். லோயர்தான் எழும்பிக் கேட்க வேண்டும். முதலியார் (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) இல்லாத நாளில் "பரவாயில்லை, எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும்" என்று எதிரி சொன்னாலும் விடாதீர்கள். கடைத்தெருச் சிங்களம் வேறு, சட்டவைத்திய அதிகாரியின் சாட்சியம் வேறு.

பொலிசிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு ஓட்டை வைத்திருக்கிறது. ‘கத்தியை இன்ன இடத்தில் வைத்தேன், காட்ட முடியும்’ என்ற துண்டு மட்டும் உள்ளே வரும். மலையகத்தில் அந்தக் கத்தி பெரும்பாலும் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கத்தி. கவ்வாத்து வெட்டுகிறவர்கள் உள்ள லயத்தில் ஒரு காம்பராவில் (அறை வீட்டில்) இருப்பது பக்கத்துக் காம்பராவிலும் இருக்கும். ஆகவே மூன்று கேள்வி: கத்தியை எடுத்தது பூட்டிய பெட்டியிலிருந்தா, யாரும் போய்வரும் கானிலிருந்தா (வடிகாலிலிருந்தா)? அதில் இரத்தம் இருந்ததாக அரச பகுப்பாய்வாளர் சொன்னாரா? காயத்தின் ஆழமும் அகலமும் அந்த வளைந்த அலகுக்குப் பொருந்துகிறதா? கத்தி கிடந்த இடம் எதிரிக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டுந்தான் 27 காட்டும். வெட்டினார் என்று காட்டாது. இதை நீதிபதி தீர்ப்பில் கலந்து எழுதிவிட்டால் அப்பீலில் அது நல்ல காரணம்.

சம்பவ இடத்துக்குப் போகாமல் மலையகக் கொலை வழக்கு நடத்துவது எனக்குப் பிடிக்காத வேலை. பொலிஸ் வரைபடத்தில் லயம் ஒரு நீள்சதுரம். நேரில் போனால்தான் பீலிக்கும் (தண்ணீர் பிடிக்கும் இடம்) இஸ்தோப்புக்கும் (முன் திண்ணை) இடையே எத்தனை அடி, நடுவில் மரக்கறித் தோட்டம் மறைக்கிறதா, எந்த பல்ப் எரிந்தது, படி எத்தனை என்று தெரியும். "முகத்தை நல்லாப் பாத்தேன்" என்ற சாட்சி நின்ற இடத்தில் அதே நேரத்துக்கு, இருட்டிய பிறகு, நீங்களும் நின்று பாருங்கள். பனி இறங்கும் மாதமென்றால் அதையும் குறியுங்கள். அளவு நாடா ஒன்றும் போன் கமராவும் போதும்.

ஆள் அந்த நேரம் வேறு இடத்தில் என்றால் தோட்டத்தின் செக்ரோல் (வேலைப் பதிவேடு) பொன் மாதிரி. பிரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) வந்தாரா, கொழுந்து நிறுத்தபோது எத்தனை கிலோ, எந்த மலை என்று அன்றைய பதிவு சொல்லும். ஆனால் வேற்றிட வாதத்தைப் பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லியிருக்காவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 126அ பிரிவின்படி விசாரணை தொடங்க 14 நாளுக்கு முன் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறுபடியும் 14. அதைத் தவறவிட்டால், கேட்டு அனுமதி வாங்க வேண்டிய நிலை.

சட்டவைத்திய அதிகாரியின் அறிக்கையில் ஒரு சொற்றொடரைத் தேடிப் பிடியுங்கள். காயம் நிச்சயம் மரணம் விளைவிப்பதா, இயற்கையின் வழமையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா, விளைவிக்கக்கூடியதா? இந்த மூன்று படியும் ஒன்றில்லை. ஒரே அடியா, பல வெட்டா என்பதும் அப்படித்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 294ஆம் பிரிவின் விதிவிலக்குகள், அதாவது கடும் திடீர் ஆத்திரமூட்டல், தற்காப்பில் எல்லை மீறியது, முன்யோசனையில்லாத திடீர்ச் சண்டை, இவற்றில் ஒன்று நின்றால் 296இன் கட்டாய மரண தண்டனையிலிருந்து 297க்கு இறங்கலாம். அங்கே மரணம் விளைவிக்கும் எண்ணம் இருந்தால் 20 வருசம் வரை, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டும் என்றால் 10 வரை. சம்பள நாள் இரவு, சாராயம், லயத்துச் சண்டை: இந்த வகை வழக்கில் முழு விடுதலை ஒன்றையே குறிவைத்து "நான் அங்கே இல்லை" என்று நின்று, இந்தக் கதவைத் தாங்களே அடைத்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காது. கூண்டில் நின்று சொல்லும் சத்தியமில்லாத வாக்குமூலத்தையும் தமிழிலேயே, நேரம் நேரமாகப் பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவர் சொல்வதை ஒழுங்குபடுத்தலாம்.

வயதையும் பாருங்கள். 18க்குக் குறைந்தவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டைத் தேடுங்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போய் ஹெரோயினோடு பிடிபடும் பொடியன்களுக்கும் இதே கேள்வி. அங்கே 2 கிராம்தான் எல்லை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மரணம் அல்லது ஆயுள். சுத்தமான அளவு எவ்வளவு என்று பகுப்பாய்வாளர் அறிக்கையில் பார்த்து, பிடித்த இடத்திலிருந்து அங்கே போகும்வரை முத்திரை, பதிவேட்டு இலக்கம், கைமாறிய நேரம் எல்லாவற்றையும் வரிசையாகப் பொருத்திப் பாருங்கள்.

கொலை வழக்கில் பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால் மட்டுந்தான் முடியும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. பிணை கிடைத்த பிறகும் ஆள் வெளியே வராமல் கிடப்பது தோட்டத்து ஆட்களுக்கே உரிய கொடுமை. பிணையாளிக்குக் கிராம உத்தியோகத்தர் சான்று, அதில் பிரதேச செயலாளர் மேலொப்பம், வருமானம் காட்ட ஏதாவது வேண்டும். காம்பரா அவர் பெயரில் இல்லை, உறுதி இல்லை, பெரும்பாலும் தனிக் கரண்ட் பில்லும் இல்லை. தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம், சம்பளத் துண்டு 3, அடையாள அட்டைப் பிரதி: இவற்றைப் பிணை மனு போடும் வாரத்திலேயே தேடி வையுங்கள், கட்டளை வந்த பிறகு தேடாதீர்கள்.

லோயர் பிடிக்கக் காசில்லையென்றால் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவிடம் வருமானச் சான்றோடு போகலாம். மேல் நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை ஒதுக்கவும் செய்யும். ஒதுக்கப்பட்டவர் விசாரணை நாள் காலையில்தான் கோப்பைப் பார்த்தார் என்றால், தவணை கேட்பது அவமானமில்லை. கேட்டதும் மறுக்கப்பட்டதும் ஏட்டில் பதிவாக வேண்டும். கொடுப்பனவு சொற்பம் என்பதை எல்லோரும் அறிவார்கள். அதற்காகச் சிறைக்கு ஒரு தடவையாவது போகாமல் இருப்பதை ஏற்க முடியாது.

அப்பீலில் கொலை கைமோசக் கொலையாக மாறினால், புதிய தண்டனை மேல் நீதிமன்றத் தீர்ப்பு நாளிலிருந்து ஓட வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்காமல் விட்டால், அப்பீல் காத்திருந்த வருசங்கள் கணக்கில் வராமல் போகலாம்.

கோப்பின் முன்னட்டையில் வழக்கிலக்கம், அப்பீல் இலக்கம், எந்தச் சிறை என்பதோடு, வீட்டில் போன் எடுக்கக்கூடிய இரண்டு பேரின் இலக்கத்தையும் எழுதுங்கள். லயத்துக்குக் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. பல வீடுகளுக்கு இலக்கமே கிடையாது. தவணைத் திகதியைக் கடிதத்தில் மட்டும் அறிவித்தால், அது கைக்கு வரும்போது தவணை போயிருக்கும்.