பார்மசி நாட்குறிப்பு: மக்னீசியம் கேட்டு வந்த தம்பி

2025 மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கியதிலிருந்து ஆரையம்பதிக் கடையில் பகல் கூட்டம் குறைவு. காத்தான்குடியிலிருந்து வழக்கமாக வரும் தம்பி மத்தியானம் ஓடி வந்தான். அவனுடைய வாப்பா மாரடைப்பு வந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கிறார். இரத்தத்தில் மக்னீசியம் குறைவாம்.

"அண்ணன், அது இல்லாததாலதான் அட்டாக் வந்ததெண்டு யூடியூப்ல சொல்றாங்க. நல்ல குளிசை ஒண்டு தாங்க."

கொடுக்கவில்லை. வார்ட்டில் கிடப்பவருக்கு வெளியிலிருந்து குளிசை கொண்டுபோவது எனக்குப் பிடிக்காத வேலை. வாப்பா எடுத்துவந்த மருந்துகளைக் கேட்டேன். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைட், நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல், இரண்டும் வருடக்கணக்காக. முதலாவது மக்னீசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும். மற்றது நீண்ட நாள் எடுத்தால் குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்து, வார்ட் டொக்டரிடம் காட்டச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

தம்பி கேட்டது மண்டைக்குள்ளேயே நின்றது. இந்த மக்னீசியத்துக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த லிமிட்-2 ஆய்வில், மாரடைப்பு வந்த 2,300க்கு மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு நரம்பு வழியே மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். 28 நாட்களுக்குள் நிகழ்ந்த இறப்பு கிட்டத்தட்ட கால்வாசி குறைந்தது. மலிவான மருந்து, யாருக்குத்தான் ஆசை வராது!

1995இல் ஐசிஸ்-4 என்ற பெரிய ஆய்வு வந்தது. 58,050 நோயாளிகள், ஒரு பலனுமில்லை. நேரம் பிந்திக் கொடுத்ததால்தான் அப்படி என்று ஆதரவாளர்கள் வாதாடினார்கள். சரி, அதையும் பார்ப்போம் என்று மேஜிக் ஆய்வில் ஆபத்து கூடிய 6,213 பேருக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது: இறப்பில் வித்தியாசமே இல்லை. மாரடைப்பு வந்த எல்லாருக்கும் ஏற்றும் யோசனை அதோடு ஓய்ந்தது. பெரிய ஆய்வு சின்ன ஆய்வைக் கவிழ்ப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு திருப்தி.

மார்ச் 9, ஞாயிறு

"பொட்டாசியம் ஏத்தியும் ஏறுதில்லையாம் அண்ணன்" என்று தம்பி போன் எடுத்தான். மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. முதலில் மக்னீசியத்தைச் சரிசெய்ய வேண்டும். இப்போது இரண்டையும் சேலைனில் ஏற்றுகிறார்களாம். இரண்டும் குறைந்த இதயத்தில் துடிப்பு தாறுமாறாகலாம். டோர்சாட் என்ற ஆபத்தான துடிப்பு வந்தால் 2 கிராம் மக்னீசியம் சல்பேட்டைத்தான் நரம்பில் ஏற்றுவார்கள். இந்த மருந்துக்கு உண்மையான இடம் அங்கேதான்.

இரத்தத்தில் மக்னீசியம் லீட்டருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். ஆனால் உடம்பிலுள்ள மக்னீசியத்தில் இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்கும் இல்லை, மிச்சம் எலும்பிலும் தசையிலும். ரிப்போர்ட் நல்லாயிருக்கிறது என்பதால் மட்டும் உள்ளே குறையில்லை என்று சொல்லிவிட முடியாது.

மார்ச் 17, திங்கள்

வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்துத் துண்டைப் பார்த்தேன்: இரத்தம் கட்டாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாட்டின். ஒமிப்ரசோலை வெட்டி, நெஞ்செரிவுக்கு ஃபமோட்டிடின் எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலை, ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் பலனையும் குறைக்கும்.

தம்பி மறுபடியும் மக்னீசியக் குளிசையில் வந்து நின்றான். வாப்பாவுக்கு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான க்ரியேட்டினின் இரத்தத்தில் கொஞ்சம் கூட. சிறுநீரகம் தளர்ந்தால் மக்னீசியம் வெளியேறாமல் தேங்கும். மிகவும் கூடினால் துடிப்பும் மூச்சும் மந்தமாகும். கீரை, குரக்கன், உப்பில்லாத கச்சான் எல்லாம் சாப்பிடலாமா என்று கிளினிக்கில் கேள், குளிசையை மற என்றேன். வாப்பா நோன்பு பிடிக்கத் துடிக்கிறாராம். அதையும் அங்கேயே கேட்கச் சொல்லி, ஒரு மாத மருந்தைக் கட்டிக் கொடுத்தேன்.